உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

நூலகத்தின் இரவு மேசையில் இரண்டு நாற்காலிகள்.
ஒன்று எனக்கு, ஒன்று ட்ரினெலுக்கு.
மணிக்குப் பதினைந்து டாலர்.
வெளியே கென்னபெக் ஆறு
பாதி உறைந்து
மீதியை யோசித்துக்கொண்டிருந்தது.

பத்தாவது வாரம் கேட்டாள்:
"ஆபீஸ் ஹவர்ஸ் என்றால்
பேராசிரியர் வேலை பார்க்கும் நேரம்தானே?
தொந்தரவு செய்யக் கூடாத நேரம்?"
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

என் அப்பாவுக்கு இரண்டு பட்டம், அம்மாவுக்கு ஒன்றரை.
கதவு என்பது தட்டுவதற்கென்றே செய்த பலகை என்று
சோற்றோடு பிசைந்து ஊட்டியிருந்தார்கள் எனக்கு.
அவள் வீட்டில், இண்டியானாவின் கேரி நகரத்தில்,
மூடிய கதவென்றால்
மருத்துவமனைத் தரையெல்லாம் துடைத்து வந்த அம்மா
உள்ளே தூங்குகிறாள்.
பத்து வாரமும் பேராசிரியர் அறை வாசலில்
ஒட்டிய தாளைப் படித்துவிட்டு
நுனிக்காலில் நடந்து போயிருக்கிறாள்.

கல்லூரிக் கையேட்டின் நான்காம் பக்கத்தில்
அவள்தான்.
புல்வெளியில் யாரோ ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
"அவன் பெயர்கூடத் தெரியாது.
சிரிக்கச் சொன்னார்கள், பீட்சா கொடுத்தார்கள்."
கேரியில் ஃப்ரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது அந்தப் பக்கம்.
ஞாயிறுதோறும் அம்மா ஃபோனில் விசாரிப்பாள்:
"சிவப்புச் சட்டைப் பையன் நல்லா இருக்கானா?"
"நல்லா இருக்கான் மம்மா."

முடி பின்ன எண்பது மைல் போக வேண்டும்.
அதற்கும் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை.

வரலாற்று வகுப்பில்
அடிமை என்ற சொல் வந்தால்
பதினெட்டுத் தலைகள் அவள் பக்கம் திரும்பும்,
பிறகு
திரும்பாத மாதிரி திரும்பிக்கொள்ளும்.
"இந்தத் தேசத்தை நாம் கட்டினோம்" என்பார் பேராசிரியர்.
ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்.
பக்கத்தில் உட்காரவைத்தும் சொல்லலாம்
வாசலில் நிறுத்திவிட்டும் சொல்லலாம்.

எங்கள் மொழியில் மறைக்க முடியாது என்றேன்.
நாம் என்றால் நீயும்.
நாங்கள் என்றால் நீ நீங்கலாக.
புத்தக ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், நாம்.
கடைசியில் உதடு மூடுவது அவளுக்குப் பிடித்திருந்தது.
"கதவைச் சாத்துற மாதிரி இருக்கு.
ஆனா, உள்ளே இருந்து."

பிப்ரவரியில் ஒரு நாள், இரவு பன்னிரண்டரை.
பூட்டிவிட்டுப் படி இறங்குகிறோம்.
சாவிக்கொத்து அவள் கையில்.
காவலர் புதியவர். மரியாதையாகத்தான் கேட்டார்
அடையாள அட்டையை.
அவளிடம்.
என் கையும் பைக்குள் போனது.
எனக்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் என்ன செய்தேன்?
கையை வெளியே எடுத்தேன்.
வெறுங்கை.
டார்ச் வெளிச்சம்
அட்டைக்கும் அவள் முகத்துக்குமாக
போய்ப் போய் வந்தது.
நான்காம் பக்கத்தை அவர் பார்த்ததில்லை போலும்.

பனியில் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.
நான்தான் ஆரம்பித்தேன்:
"நாம் இதைப் புகார் செய்யணும்."
ஆங்கிலத்தில் சொன்னேன்.
நின்றாள்.
"ரெண்டு இருக்குன்னு சொன்னியே,
இது எது?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு மதியம்,
சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலோர மேசை.
ஒசேயி, கமாரா, கால்பந்து விளையாடும் டெஷான்,
வேலை முடிந்து ஏப்ரனோடு உட்கார்ந்திருந்த
சமையற்கூடத்துப் பெண்மணி ஒருத்தர்,
நடுவில் ட்ரினெல், வாய் நிறைய ரொட்டி.
தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.
தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.
எந்தக் கையேட்டிலும் அச்சிட முடியாத சிரிப்பு.

தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள்.
முகவாய் ஒரு நெல்லளவு உயர்ந்தது.
வா என்றா, பார்த்துவிட்டேன் என்றா,
எனக்குப் பிடிபடவில்லை.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது:
போன வாரம் பேராசிரியர் கதவைத் தட்டினாளாம்.
"திறந்தேதான் இருந்தது.
அதுதான் எனக்கு ஆத்திரம்."